மார்த்தாண்டத்துத் தேன் கடை கூகுளில் தென்பட என்ன செய்ய வேண்டும்?

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் தேனீ வளர்த்துத் தேன் விற்கும் குடும்பம் உங்களுடையது. சென்ற ஆண்டு இணையதளம் தொடங்கினீர்கள். கூகுளில் 'தேன்' என்று தேடினால் எத்தனை பக்கம் தள்ளிப் பார்த்தாலும் உங்கள் தளம் இல்லை. மாதாமாதம் பணம் கட்டினால் மூன்று மாதத்தில் முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று ஒரு நிறுவனம் உறுதி சொல்கிறது. கொடுக்கலாமா, அல்லது நாமே செய்துகொள்ள வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்க வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்துச் சிறு வணிகர்களின் தளங்களைச் சரிசெய்து கொடுப்பதுதான் என் தொழில் என்பதால், காரணத்தோடு சொல்கிறேன்.

முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டினால், விளம்பரம் என்ற குறிப்போடு மேலே வரலாம். அதனால் இயல்பான தேடல் முடிவில் உங்கள் தளம் ஓர் இடம்கூட உயராது. பிறகு எந்தத் தைரியத்தில் உறுதி சொல்கிறார்கள்? பெரும்பாலும், யாருமே தேடாத ஒரு சொற்றொடரை எடுத்துக்கொண்டு அதில் முதலிடம் காட்டுவார்கள். உங்கள் கடைப் பெயரையே தேடிக் காட்டி, 'பாருங்கள், வந்துவிட்டது' என்பவர்களும் உண்டு. அந்தப் பெயரில் வேறு கடை இல்லையென்றால் அது தானாகவே வந்திருக்கும். இன்னும் சிலர், ஆளே எட்டிப் பார்க்காத தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு இணைப்புகளை விலைக்கு வாங்கிப் போடுவார்கள். இதை ஒடுக்கத்தான் கூகுள் 2012-இல் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. அத்தகைய இணைப்புகள் இன்று பெரும்பாலும் கணக்கில் சேர்வதே இல்லை. சில வேளைகளில் தண்டனையும் வரும். வந்தால் அடிபடுவது உங்கள் தளம்தான், பணம் வாங்கியவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விடுவார். வெயிலில் நின்று தேன் எடுத்துச் சேர்த்த பணம் இப்படிப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

'தேன்' என்ற ஒற்றைச் சொல்லுக்காக நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை. அதைத் தேடுபவர் யார்? கட்டுரை எழுதும் பள்ளி மாணவர், இருமலுக்குக் கைவைத்தியம் பார்க்கும் அம்மா, ஏதோ பாட்டைத் தேடுபவர். வாங்க வருபவர் இப்படித் தேடுவதில்லை. 'மார்த்தாண்டம் தேன் ஒரு கிலோ விலை', 'சிறுதேன் எங்கே கிடைக்கும்', 'ரப்பர் தேன் நல்லதா' என்று அவர் தேடுவார். இப்படித் தேடுபவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவர்கள் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார்கள், அந்தத் தேடல்களில் பெரிய நிறுவனங்களின் போட்டியும் குறைவு. பொருளோடு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது நம் மாவட்டத்தின் பலம். வடசேரி கோயில் நகை, தோவாளைப் பூ, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டிப் பழம் என்று அந்த வரிசை நீளும். மார்த்தாண்டம் தேனுக்கும் அந்தப் பெயர் ஏறத்தாழ நூறாண்டாக இருக்கிறது. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமச் சீரமைப்புப் பணிக்காக வந்த ஸ்பென்சர் ஹேட்ச் இங்கே தேனீ வளர்ப்பைப் பரப்பியதிலிருந்து தொடங்குகிறது அந்தக் கதை. அந்த ஊர்ப்பெயர் உங்கள் தளத்தின் முதல் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்தபோது அடியில், முகவரியில் மட்டும்தான் இருந்தது.

எழுதத் தொடங்கும் முன் தளம் கூகுளின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் தளம் பட்டியலில் இருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் கோளாறு வேறு இடத்தில். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளமாக இருந்தால், அமைப்புகளில் 'வாசிப்பு' என்ற பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் உண்டு. தளத்தைக் கட்டும்போது அதில் டிக் போட்டிருப்பார்கள், திறப்பு விழா முடிந்தபின் எடுக்க மறந்துவிடுவார்கள். அந்த ஒரு டிக் இருக்கும்வரை நீங்கள் வேறு என்ன செய்தாலும் பயன் இல்லை. உங்கள் பகுதியில் சிலர் கூகுள் வணிகக் கணக்கோடு இலவசமாகக் கிடைத்த ஒற்றைப் பக்கத் தளத்தை வைத்திருந்தார்கள். அந்தச் சேவையைக் கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. பழைய முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருப்பவர்கள் அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்து எழுத்துரு. தமிழ்நாட்டுச் சிறு வணிகத் தளங்களில் நான் அடிக்கடி காணும் நோய் இது, ஆங்கில வழிகாட்டிகள் எதிலும் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. நோட்டீஸ் அடிக்கும் கடைகளில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தமிழ் அடிக்கிறார்கள். அச்சுக்கு அது போதும். அதே கோப்பை அப்படியே தளத்தில் ஏற்றும்போதுதான் சிக்கல் வருகிறது. பாமினியில் அடித்த 'தேன்' என்ற சொல் உங்கள் திரையில் 'தேன்' என்றே தெரியும். ஆனால் கணினிக்குள் இருப்பது என், ஜே, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். கூகுள் வாசிப்பதும் அதைத்தான். அந்தப் பக்கத்தில் தேனைப் பற்றி நீங்கள் எவ்வளவு எழுதியிருந்தாலும், 'தேன்' என்று தேடுபவருக்கு அது கிடைக்க வழியே இல்லை. சோதிப்பது எளிது. தளத்தில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் அது யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிகளும் தமிழாகவே படிக்கும் பொதுக் குறியீடு. ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளுமாக விழுந்தால் பழைய எழுத்துரு. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, மாற்றியபின் ஒரு முறை பிழை பார்த்துவிடுங்கள். விலைப்பட்டியலை அழகான போஸ்டராக வடிவமைத்துப் படமாகப் போட்டிருப்பதும் ஏறத்தாழ இதே நோய்தான். படம் இருக்கட்டும், அதில் உள்ள விலையையும் விவரத்தையும் அதன் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள்.

பிறகு கூகுளின் 'சர்ச் கன்சோல்'. இலவசம். தளம் உங்களுடையதுதான் என்று நிரூபித்துவிட்டு, தளத்தின் பக்கங்கள் அடங்கிய 'சைட்மேப்' கோப்பைக் கொடுத்துவிட்டால், எந்தப் பக்கம் பட்டியலில் சேர்ந்தது, எது சேரவில்லை, ஏன் என்பதெல்லாம் அங்கே தெரியும். கையோடு மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கின் வெப்மாஸ்டர் கருவியிலும் சேர்த்துவிடுங்கள். சர்ச் கன்சோலில் இருப்பதை அது அப்படியே எடுத்துக்கொள்ளும், சில நிமிட வேலைதான்.

இனி என்ன எழுதுவது? நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். வாடிக்கையாளர்கள் போனில் உங்களிடம் கேட்கும் கேள்விகள்தான் நீங்கள் எழுத வேண்டிய பக்கங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து, வருகிற ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் கேட்ட சொற்களிலேயே குறித்துவையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளையும் விடாதீர்கள். உங்களிடம் போனில் கேட்பவர் ஒருவர் என்றால், அதே கேள்வியைக் கூகுளிடம் கேட்பவர் பலர். அந்தக் கேள்விகளுக்கு உங்கள் அளவுக்குப் பதில் தெரிந்தவர் சென்னையில் உட்கார்ந்து கட்டுரை எழுதித் தள்ளும் எந்த நிறுவனத்திலும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. 'தேன் அடியில் சர்க்கரை மாதிரி உறைந்துவிட்டது, கலப்படமா?' என்ற கேள்வி உங்களுக்கு வாரந்தோறும் வரும். இதற்கென்று தனியாக ஒரு பக்கம் எழுதுங்கள். தலைப்பிலேயே அந்தக் கேள்வி இருக்கட்டும். முதல் வரியிலேயே பதில் வந்துவிட வேண்டும்: உறைவது தேனின் இயல்பு, உறைந்துவிட்டதை வைத்து மட்டும் கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. அதன்பின் காரணம்: குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் சீக்கிரம் உறையும், ரப்பர் தேன் அந்த வகை. பிறகு செய்ய வேண்டியது: பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும், அடுப்பில் நேரடியாகச் சூடுபடுத்தக் கூடாது. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது போன்ற வீட்டுச் சோதனைகளை நம்ப முடியாது என்பதையும் எழுதுங்கள். உங்கள் வீட்டு அலமாரியில் உறைந்து நிற்கும் பாட்டிலை நீங்களே படம் எடுத்துப் போடுங்கள். இணையத்தில் எடுத்த வெளிநாட்டுத் தேன் படம் வேண்டாம். படத்துக்கு விவரக் குறிப்பு கேட்கும் இடத்தில் 'உறைந்த ரப்பர் தேன் பாட்டில்' என்று எழுதுங்கள்.

ரப்பர் தேனைப் பற்றிய பக்கத்தை நீங்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவது? அது பூவிலிருந்து வருவதில்லை என்பதே பலருக்குத் தெரியாது. ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் ஊறும் இனிப்பு நீரைத்தான் தேனீ உறிஞ்சுகிறது. அதனால்தான் குலசேகரம், அருமனைப் பக்கத்துத் தோட்டங்களில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதற்காக நீங்கள் தேனை எப்படிப் பதப்படுத்துகிறீர்கள் என்று மறைக்காமல் எழுதுங்கள். 'பச்சைத் தேன்தான் நல்லது' என்று வாதிடும் வாடிக்கையாளருக்கு அதுவே பதிலாகிவிடும். உங்கள் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணையும் தளத்தில் போடுங்கள்.

'கைக்குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கலாமா?' என்றும் கேட்பார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கூடாது என்று நேராக எழுதுங்கள். விற்பனை குறையுமோ என்று தயங்க வேண்டாம், வாங்குபவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை பிறப்பது இப்படிப்பட்ட வரிகளில்தான். சர்க்கரை நோய் தீரும், புற்றுநோய் போகும் என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, உடல்நலம் தொடர்பான தகவல்களை எடைபோடுவதில் கூகுள் மற்ற எதையும்விடக் கண்டிப்பு காட்டுகிறது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தேடல் முடிவில் நீல நிறத்தில் தெரியும் ஒரு தலைப்பு உண்டு. உங்கள் முதல் பக்கத்துக்கு இப்போது அது 'முகப்பு – வரவேற்கிறோம்' என்று இருக்கிறது. அதை 'மார்த்தாண்டம் ரப்பர் தேன், சிறுதேன் – வளர்ப்பவரிடமிருந்து நேரடியாக' என்று மாற்றுங்கள். என்ன பொருள், எந்த ஊர், ஏன் உங்களிடம் வாங்க வேண்டும் என்ற மூன்றும் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டன. உங்கள் தளத்தை வடிவமைத்தவர், கண்ணுக்குத் தெரியாத 'கீவேர்டு' குறிப்பில் ஐம்பது சொற்களை அடுக்கி வைத்திருக்கிறார். தேடல் தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இருந்தால் கெடுதல் இல்லை, அதற்காக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தமிழா ஆங்கிலமா என்றால், இரண்டும் வேண்டும், ஆனால் தனித்தனிப் பக்கங்களாக. ஒரே பக்கத்தில் ஒரு பத்தி தமிழ், ஒரு பத்தி ஆங்கிலம் என்று கலந்து வைத்தால் படிப்பவருக்கும் எரிச்சல், கூகுளுக்கும் குழப்பம். கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் உங்களுக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். மலையாளம் நன்றாக எழுதத் தெரிந்தவர் வீட்டிலோ பக்கத்திலோ இருந்தால் அந்த மொழியிலும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்றுவதைவிடப் பக்கம் இல்லாமல் இருப்பதே மேல். நாகர்கோவில், நாகர்கோயில் என்ற எழுத்து வேறுபாடுகளைக் கூகுள் பெரும்பாலும் புரிந்துகொள்கிறது. அத்தனை வடிவங்களையும் ஒரே பத்தியில் திணிக்க வேண்டாம்.

'சென்னையில் தேன்', 'மதுரையில் தேன்', 'கோவையில் தேன்' என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி நாற்பது பக்கம் போடலாம் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். செய்யாதீர்கள். அப்படிப்பட்ட வாசல் பக்கங்களைக் கூகுள் நெடுங்காலமாகவே விலக்கி வருகிறது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நூற்றுக்கணக்கில் பக்கங்களை உருட்டித் தள்ளுவதற்கு எதிராகவும் 2024 மார்ச்சில் தனி விதி வந்துவிட்டது. உங்கள் அனுபவத்தில் நனைந்த பத்துப் பக்கம் போதும்.

நேரில் வந்து வாங்குபவர்களுக்குத் தளத்தைவிடக் கூகுள் வரைபடம்தான் முக்கியம். கன்னியாகுமரிக்கும் திற்பரப்புக்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் வருபவர்கள் காரில் இருந்தபடியே 'பக்கத்தில் தேன் கடை' என்று தேடுகிறார்கள். அந்த முடிவுகளைக் கூகுள் மூன்று விஷயங்களை வைத்து வரிசைப்படுத்துகிறது: தேடியதோடு பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்ட கடை. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன. வணிகக் கணக்கில் கடையின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பலகையில் உள்ள பெயரை மட்டும் பெயராகக் கொடுங்கள். பெயரோடு 'மார்த்தாண்டம் சிறந்த சுத்தமான தேன்' என்று சேர்த்து எழுதினால் கணக்கே முடக்கப்படலாம். திறக்கும் நேரம், ஞாயிறு உண்டா இல்லையா, கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் விடுமுறையா என்பதெல்லாம் உண்மையாக இருக்கட்டும். வழிக்குறிப்பில் மார்த்தாண்டம் மேம்பாலத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பாலத்தின் மேல் ஏறிவிட்ட வண்டி உங்கள் கடையைப் பார்க்காமலே மறுபக்கம் இறங்கிவிடும், கீழ்ச்சாலையில் வர வேண்டும் என்று எழுதினால்தான் வந்து சேருவார்கள். வீட்டிலிருந்தே அனுப்பிவைக்கும் தொழில், வீட்டுக்கு யாரும் வர வேண்டாம் என்றால் முகவரியை மறைத்துவிட்டு, பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் பகுதிகளை மட்டும் காட்டவும் வசதி உண்டு.

வாங்கிச் சென்றவர்களிடம் விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. விமர்சனம் எழுதும் பக்கத்துக்கு நேராகக் கொண்டுபோகும் ஒரு க்யூஆர் அட்டையைப் பில்லோடு கொடுங்கள். விமர்சனத்துக்குக் கைம்மாறாகத் தள்ளுபடியோ இலவசப் பாட்டிலோ தருவது விதிமீறல், உறவினர்களை எழுதவைப்பதும் அப்படித்தான். குறை சொல்லி எழுதியவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதுங்கள். அவருக்காக இல்லாவிட்டாலும் அடுத்து வாசிக்கப்போகும் நூறு பேருக்காக.

வேகம். உங்கள் தளத்தைப் போனில், அதுவும் பேச்சிப்பாறைப் பக்கத்து மலையோரச் சிக்னலில் திறந்து பாருங்கள். கூகுள் இப்போது தளங்களை அவற்றின் கைபேசி வடிவத்தை வைத்துத்தான் மதிப்பிடுகிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அதன் அளவுகோல். கேமராவிலிருந்து எடுத்த பெரிய படங்களைச் சுருக்காமல் ஏற்றியிருப்பதுதான் உங்கள் தளத்தின் மந்தத்துக்குக் காரணம். சுருக்கி ஏற்றினாலே பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

மற்ற தளங்கள் உங்களைக் குறிப்பிடுவதற்கு மதிப்பு உண்டு, விலைக்கு வாங்காதவரை. உங்கள் தேனை வாங்கிக் காலை உணவில் வைக்கும் தங்கும் விடுதி, நீங்கள் தேனீ வளர்ப்பு வகுப்பு எடுத்த கல்லூரி, உங்களைப் பற்றிச் செய்தி போட்ட நாளிதழ் ஆகியோரிடம் தள முகவரியையும் சேர்க்க முடியுமா என்று கேட்டால் போதும். இப்படி வரும் ஐந்து இணைப்புகள் விலைக்கு வாங்கிய ஐந்நூறைவிட மேல்.

மூன்று மாதம் கழித்துச் சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறங்கள். எந்தச் சொல்லுக்கு எத்தனை முறை உங்கள் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று இருக்கும். முதலிடத்தில் இருப்பவற்றை விட்டுவிடுங்கள். பலமுறை காட்டப்பட்டு, எட்டு முதல் பதினைந்தாம் இடத்துக்குள் நிற்கும் சொற்களைப் பாருங்கள். அந்தப் பக்கங்களில்தான் உழைப்புக்குப் பலன் உண்டு. அங்கே விடுபட்ட கேள்விக்குப் பதில் சேருங்கள், தலைப்பைத் தெளிவாக்குங்கள், தளத்தின் மற்ற பக்கங்களிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுங்கள். அறிக்கை 16 மாதங்களுக்குக் கிடைப்பதால் இந்த ஆண்டு மார்ச்சைச் சென்ற ஆண்டு மார்ச்சோடு ஒப்பிடலாம். உங்களைப் போன்ற பருவத் தொழிலுக்கு அந்த ஒப்பீடுதான் சரி. ஏப்ரலையும் ஆகஸ்டையும் ஒப்பிட்டுவிட்டுத் தளம் விழுந்துவிட்டது என்று பதற வேண்டாம்.

இந்த வேலைகளின் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்று கூகுளே சொல்கிறது. ஆகவே பிப்ரவரியில் புதுத் தேன் வரும்போது ஆட்கள் வர வேண்டுமென்றால், பக்கங்கள் செப்டம்பருக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், மாதக் கட்டணமாக இல்லாமல், தெரிந்த ஒருவரிடம் எழுத்துரு மாற்றம், படச் சுருக்கம், பொருள்களின் விலையைத் தேடுபொறிக்குப் புரியும்படி குறிக்கும் ஸ்கீமா குறியீடு ஆகிய மூன்றையும் ஒரே வேலையாகக் கொடுத்து முடித்து வாங்குங்கள். எந்த வேலையைச் செய்யப்போகிறார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 'அது தொழில் ரகசியம்' என்றால் வேறு ஆளைப் பாருங்கள். தள முகவரியின் பதிவு, சர்ச் கன்சோல், வரைபடக் கணக்கு மூன்றும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வேலை செய்ய வருபவருக்கு உரிமையாளர் அனுமதி கொடுக்காதீர்கள். வரைபடக் கணக்கில் 'மேலாளர்' என்றும் சர்ச் கன்சோலில் 'பயனர்' என்றும் சேர்த்தால் போதும், வேலை முடிந்த அன்றே நீக்கிவிடலாம்.